கிணற்றுத் தண்ணீர் எங்கே விழுந்த மழை?

வன்னியில் கிணற்றுக்குப் பெயர் வருவது சுவையால்தான். "நல்ல தண்ணிக் கிணறு" என்றால் அயலெல்லாம் குடத்தோடு போகும். "சவர்க் கிணறு" என்றால் குளிக்க, மாடு கழுவ, முற்றத்து வாழைக்கு இறைக்க. பல ஊர்களில் இவை இரண்டும் ஒரே ஒழுங்கையில், ஒரு வேலி தள்ளி இருக்கின்றன. ஏறக்குறைய ஒரே ஆழம், ஒரே மழை. ஒன்றில் தேத்தண்ணி நன்றாக நிறம் பிடிக்கும். மற்றதில் கேத்திலின் அடியில் வெள்ளைப் பொருக்கு ஏறும், சவர்க்காரம் நுரைக்காது. ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "அதுக்கு ஊத்து வேற, இதுக்கு ஊத்து வேற."

நீர்ப்புவியியலாளர் ஒருவர் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது. அவர் கூட்டிக் கேட்பதெல்லாம் அடுத்த கேள்விகளைத்தான். அந்த ஊற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்த மண்ணில் விழுந்த மழை அது? எந்தப் பருவத்து மழை? விழுந்து எத்தனை காலம்?

2009இல் போர் முடிந்து சனம் மீளக் குடியேறியபோது பாழடைந்த கிணறுகள் இறைத்துத் துப்புரவாக்கப்பட்டன. எங்கும் குழாய்க்கிணறுகள் துளைக்கப்பட்டன. அன்று தண்ணீர் உடனே வேண்டியிருந்தது, கேள்வி கேட்க அவகாசம் இருக்கவில்லை. இப்போது அவகாசம் இருக்கிறது. கிணற்றைக் காப்பதென்றால் அதைச் சுற்றி மதில் கட்டுவது போதாது, அதன் மழை விழுகிற நிலத்தைக் காக்க வேண்டும். அந்த நிலம் சில வேளை பல கிலோமீற்றர் தள்ளி, வேறொரு பிரதேச செயலர் பிரிவில், ஒருவரும் குடியிராத காட்டில் இருக்கலாம். அது எங்கே என்பதைக் கண்டறியும் வழி அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிலம். வன்னியின் தெற்கில், வவுனியா, ஓமந்தை, நெடுங்கேணிப் பக்கமாக, அடியில் இருப்பது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையான உருமாறிய கரும்பாறை. இலங்கையின் பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்குப் புவியியலாளர் "வன்னித் தொகுதி" என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இந்தப் பாறைக்குள் தண்ணீர் நிற்க இடமில்லை. மேலே உக்கி உதிர்ந்த சில மீற்றர் படையிலும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளிலும்தான் அது தங்கும். வடக்கும் மேற்கும் கரையோரமும் வேறு கதை. பூநகரி, முழங்காவில், பரந்தன், முல்லைத்தீவு என்று போகப் போக, மயோசீன் காலத்தில் ஆழங்குறைந்த கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லும் மணற்கல்லும் அடியில் வருகின்றன. அவற்றின்மேல் பல இடங்களில் செம்மணல், கடலோரத்தில் வெண்மணல். சீ.ஆர். பானபொக்கேயும் ஏ.பீ.ஜீ.ஆர்.எல். பெரேராவும் 2005இல் நீர்வளச் சபைக்காக இலங்கையின் நிலத்தடி நீரைத் தொகுத்தபோது ஆறு வகை நீர்தாங்கு படைகளை இனங்கண்டார்கள். அவற்றில் நான்கை, அதாவது கரும்பாறையின் உக்கற்படை, மூடப்பட்ட ஆழ்படை, கரையோர மணற்படை, ஆற்றுவண்டற்படை ஆகியவற்றை, வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஒரு நாட் பயணத்திலேயே கடந்துவிடலாம். இலங்கையில் இப்படிப்பட்ட இடங்கள் அதிகமில்லை.

இனித் தண்ணீர். ஒரு கிணற்றில் மாதிரி எடுப்பதை அருகில் நின்று பார்த்தால் விசேடமாக ஒன்றும் தெரியாது. முதலில் பம்பைப் போட்டுச் சிறிது நேரம் இறைக்க விடுவார்கள். குழாயிலும் கிணற்றிலும் தேங்கி நின்றது போய், நிலத்திலிருந்து புதிதாக ஊறுவது வரவேண்டும். மின்கடத்துதிறன் மானியை ஒரு வாளியில் அமிழ்த்தி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு கைக்கடக்கமான பிளாஸ்ரிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, வாய் தளும்ப நிரப்பி, தண்ணீருக்குள்ளேயே வைத்து மூடியைத் திருகுவார்கள். வெளியே எடுத்துத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி ஏறினாலும் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். போத்தலுக்குள் காற்று இருந்தால் தண்ணீர் அதற்குள் ஆவியாகும். ஆவியானால் நாம் தேடிவந்த அடையாளமே மாறிவிடும்.

அந்த அடையாளத்தின் பெயர் சமதானி. இந்தியப் பாடநூல்கள் ஐசோடோப்பு என்று சொல்வதைத்தான் நமது பள்ளிக்கூடங்கள் சமதானி என்கின்றன. தண்ணீரில் ஐதரசனும் ஒட்சிசனும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லா ஒட்சிசன் அணுவும் ஒரே நிறையல்ல. பத்தாயிரம் ஒட்சிசன் அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய 20 அணுக்கள் இரண்டு நியூத்திரன் கூடுதலாகக் கொண்ட ஒட்சிசன்-18. பத்து இலட்சம் ஐதரசன் அணுக்களில் 156 அளவில் பாரமான டியூத்தீரியம். பாரமான அணு உள்ள தண்ணீர் ஆவியாவதில் கொஞ்சம் பிந்தும், மழையாக விழுவதில் கொஞ்சம் முந்தும். இந்தச் சிறு வேறுபாடுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கடலிலிருந்து எழும் ஆவி கடல்நீரைவிட இலேசானது. முகில் மழை பெய்யப் பெய்யப் பாரமானவை முதலில் இறங்கிவிடுவதால் மிஞ்சுவது மேலும் இலேசாகும். கடல்நீரை 0 என்று வைத்து, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். −6 என்றால் கடல்நீரைவிடப் பாரமான அணுக்கள் ஆயிரத்துக்கு 6 குறைவு.

1961இல் ஹார்மன் கிரெய்க் என்ற அமெரிக்கர், உலகின் பல பாகங்களிலிருந்தும் திரட்டிய மழை, ஆறு, பனி மாதிரிகளை ஒரே வரைபடத்தில் புள்ளியிட்டார். டியூத்தீரியத்தின் மாற்றம் ஒட்சிசன்-18இன் மாற்றத்தைப் போல எட்டு மடங்கு என்ற கணக்கில், அவை பெரும்பாலும் ஒரே கோட்டில் விழுந்தன. அதே ஆண்டளவில் சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக வானிலை அமைப்பும் உலகெங்கும் மாதாந்த மழையைப் போத்தலில் சேர்க்கத் தொடங்கின. மழை அந்தக் கோட்டில் விழும். திறந்த வெளியில் நின்று ஆவியான தண்ணீர் கோட்டைவிட்டு வலப்பக்கமாக, நான்கு முதல் ஆறு மடங்குச் சாய்வில், விலகிப் போகும். எனவே ஒரு கிணற்றின் புள்ளி கோட்டில் இருந்தால் மழை விரைவாக மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. விலகியிருந்தால் அந்தத் தண்ணீர் இறங்குவதற்கு முன் எங்கோ வெயிலில் காய்ந்திருக்கிறது.

பாடநூல்களில் மீள்நிரப்பு இடத்தை, அதாவது கிணற்றின் மழை விழுந்து இறங்கிய நிலத்தை, கண்டுபிடிக்கச் சொல்லப்படும் முதல் வழி உயரம். மலையில் ஏற ஏற மழை இலேசாகும். நூறு மீற்றருக்கு ஆயிரத்தில் 0.2, 0.3 என்ற அளவில் குறையும். ஆகவே பள்ளத்தாக்கின் ஊற்று எந்த உயரத்து மழை என்று கணித்துவிடலாம். வன்னியில் இது உதவாது. வவுனியாவே கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர் அளவுதான். அங்கிருந்து வடக்கே எல்லாம் மெதுவான இறக்கம். மலைநாட்டு முறையை அப்படியே கொண்டுவந்து வன்னியில் போடுபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இங்கே நம்பக்கூடியவை பருவமும், ஆவியாதலும், கரைந்த உப்புகளும்.

பருவத்தை எடுத்துக்கொள்வோம். வவுனியாவின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீற்றர் அளவில். அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை. சித்திரையில் இடியோடு கொஞ்சம். பிறகு சோளகம் அடிக்கும் மாதங்களில் நிலம் வெடித்துக் கிடக்கும். வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களும் புயல்களும் கொண்டுவரும் பெருமழை சமதானிக் கணக்கில் இலேசானது, ஏனென்றால் அந்த முகில் ஏற்கெனவே நெடுநேரம் பெய்து தீர்ந்தது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி புயலின் மழை அப்படிப்பட்டது. சித்திரையின் தனி இடிமுகில் கொட்டும் மழை இதைவிடப் பாரமாக இருக்கும். பாக்குநீரிணையின் இருகரைக்கும் பொதுவான அனுபவம் இது. தென்னிந்தியாவின் ஆழமற்ற கிணறுகளை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுகூடத்தினர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்டபோதும், இரண்டு பருவக்காற்றுகளின் அடையாளத்தையும் கிணற்று நீரில் பிரித்தறிய முடிந்தது.

ஒரு கிணற்றின் தண்ணீர் கார்த்திகைப் பெருமழையைப் போல இலேசாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். சிறு தூறல்கள் வேருக்கும் வெயிலுக்கும் போய்விட்டன, நிலத்துக்கு இறங்கியது ஓயாமல் கொட்டிய சில நாட்களின் மழை மட்டுந்தான் என்பது அதன் பொருள். ஆண்டு மொத்த மழையைப் பார்த்து "இந்த வருசம் மழை குறையேல்லை" என்று ஆறுதல்படுவது அப்போது தவறாகிவிடும். மொத்தம் குறையாமலே, பெருமழை நாட்கள் இரண்டு மூன்று தவறினால் கிணறு ஊறாது.

எவ்வளவு இறங்குகிறது என்பதற்குக் குளோரைட்டு ஒரு எளிய கணக்கைத் தருகிறது. மழையில் சிறிது குளோரைட்டு உண்டு. தண்ணீர் ஆவியானாலும் மரம் உறிஞ்சினாலும் குளோரைட்டு மண்ணிலேயே மிஞ்சும். விளக்கத்துக்காக எண்களை எடுத்துக்கொள்கிறேன்: ஆண்டுக்கு 1,300 மில்லிமீற்றர் மழை, அதில் லீற்றருக்கு 6 மில்லிகிராம் குளோரைட்டு, கிணற்றில் 60 மில்லிகிராம். பத்து மடங்கு செறிந்திருக்கிறது. ஆகவே பத்தில் ஒன்று, 130 மில்லிமீற்றர், கீழே இறங்கியிருக்கிறது. கடலோரத்தில் உப்புக்காற்று மழையின் குளோரைட்டைக் கூட்டிவிடும் என்பதால் முல்லைத்தீவுக்கும் நெடுங்கேணிக்கும் ஒரே எண்ணைப் போட முடியாது. இதற்கும் ஊர் மழையை ஊரிலேயே அளந்திருக்க வேண்டும்.

இப்போது குளங்கள். வன்னியின் ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே குளமும் மடுவும் மோட்டையும் கேணியும் முறிப்புமாகத்தான் வரும். குளத்துக்குக் கீழே உள்ள கிணறு வற்றாது என்பது எந்தக் கமக்காரரும் சொல்லும் செய்தி. கட்டு முறிந்த குளத்தின் கீழே குடியிருந்தவர்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்ததற்குச் சோறு மட்டும் காரணமல்ல, குடிதண்ணீரும் காரணமாயிருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

சமதானி இந்த அறிவை எண்ணால் சொல்ல உதவுகிறது. குளத்து நீர் மாசி முதல் ஆவணி வரை வெயிலில் கிடக்கிறது. நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியாகிறதென்று குறைவாக வைத்தால்கூட 150 நாளில் முக்கால் மீற்றர் போய்விடும். போவதில் இலேசானவை முந்துவதால், மிஞ்சும் நீர் நாளுக்கு நாள் பாரமாகும். மழை −6, ஆவணியில் குளம் −1, குளத்துக்குக் கீழேயுள்ள கிணறு −4 என்று வைத்துக்கொண்டால், அந்தக் கிணற்றில் ஐந்தில் இரண்டு பங்கு குளத்தின் தண்ணீர், மூன்று பங்கு நேரடி மழை. இதே அளவீட்டைக் கட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர், ஒரு கிலோமீற்றர், இரண்டு கிலோமீற்றர் தள்ளித் தள்ளிச் செய்தால், குளம் எத்தனை வீட்டுக் கிணற்றை நிரப்புகிறது என்று வரைபடமே போட்டுவிடலாம்.

இரணைமடு இதற்குச் சரியான இடம். இரண்டு மடுக்கள் இணைந்ததால் வந்த பெயர் அது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து கொண்டுவரும் நீரை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய நீர்ப்பாசனப் பொறியியலாளர் கட்டிய குளம். பின்னர் பலமுறை கட்டு உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவுகள் திறந்ததைக் கிளிநொச்சியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குளத்து நீரில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் 2010க்குப் பிறகு எழுந்தபோது கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு, தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து வாதங்களில் ஏக்கர் அடிக் கணக்கும், சிறுபோக ஏக்கர்க் கணக்கும் திரும்பத் திரும்ப வந்தன. குளமும் வாய்க்காலும் கசிந்து நிரப்பும் கிணறுகளின் கணக்கு மேசைக்கு வரவேயில்லை. வட்டக்கச்சியிலும் உருத்திரபுரத்திலும் கண்டாவளையிலும் வாய்க்காலோரக் கிணற்றை நம்பிக் குடிப்பவர்கள் அந்தத் தண்ணீரின் பங்காளிகள்தான். வாய்க்காலுக்குக் கொங்கிறீற்று இடுவதை "கசிவு மிச்சம்" என்று நீர்ப்பாசனப் பொறியியல் எழுதிக்கொள்ளும். அதே கசிவு கீழ்க் காணிக் கிணற்றுக்கு வருமானம். எது எவ்வளவு என்று அளந்த பிறகு கொங்கிறீற்று இடுவதில் எனக்கு மறுப்பில்லை. அளக்காமல் இடுவது ஒரு வீட்டின் தண்ணீரை எடுத்து இன்னொரு வீட்டுக்குச் சேமித்ததாகக் காட்டுவதாகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆவியான அடையாளம் குளத்திலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. தோட்டத்துக்கு இறைத்த தண்ணீர் வரம்புக்குள் நின்று காய்ந்து, மிஞ்சியது திரும்பக் கிணற்றுக்குள் இறங்கினாலும் புள்ளி அதே பக்கமாகத்தான் விலகும். இரண்டையும் பிரிப்பது வேதியியல். பசளை போட்ட தோட்டத்திலிருந்து திரும்பும் தண்ணீர் நைத்திரேற்றையும் கூடிய உப்பையும் சுமந்துவரும். குளத்திலிருந்து கசிவது பெரும்பாலும் உப்புக் குறைந்ததாகவே இருக்கும். ஆகவே சமதானியைத் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லும் ஆய்வை நான் நம்புவதில்லை.

உவர்ப்பைப் பற்றிய கேள்வியில் இந்தக் கூட்டு இன்னும் நன்றாக விளங்கும். கரையோரத்தில் கிணறு சவர்த்தால் உடனே "கடல் ஏறிவிட்டது" என்போம். கடல்நீரில் லீற்றருக்கு 19,000 மில்லிகிராமுக்கு மேல் குளோரைட்டு இருக்கிறது. நல்ல கிணற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் கலந்தால் குளோரைட்டு 380 அளவில் ஏறிவிடும். நாக்குக்கே தெரியும். ஆனால் அதே இரண்டு பங்கு ஒட்சிசன்-18இல் ஏற்படுத்தும் மாற்றம் −6ஐ −5.9 ஆக்குவது மட்டுந்தான். கருவியின் பிழைக்குள் அடங்கிவிடும். ஆவியாதல் இதற்கு எதிர்மாறு: உப்பையும் கூட்டும், சமதானியையும் வெகுதூரம் நகர்த்தும். எனவே சவர்த்த கிணற்றின் சமதானி அசையாதிருந்தால் கடலையோ மண்ணில் கிடந்த உப்பையோ சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் வெயிலையும் இறைப்பையும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ரோஹன சந்திரஜித்தும் ஜேர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நீரை இப்படித்தான் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். இறைத்து, ஆவியாகி, மீண்டும் நிலத்துக்குள் திரும்பும் பாசன நீரைக் கடல்நீர் ஊடுருவலோடு ஒப்பிட்டு எடைபோட்ட ஆய்வு அது. உவர்ப்பில் திரும்பும் பாசன நீருக்கும் பங்குண்டு என்பதை அது எடுத்துக்காட்டியது. வன்னிக் கமக்காரருக்கு இதிலே நேரடியான பாடம் உண்டு. கடல் ஏறினால் இறைப்பதைக் குறைக்க வேண்டும், கிணற்றின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். பாசனமே உப்பைச் சுழற்றுகிறதென்றால் கிணறு கடலிலிருந்து எத்தனை கிலோமீற்றர் தள்ளியிருந்தாலும் தப்பாது. வரம்பு நிறையப் பாய்ச்சுவதை விட்டுச் சொட்டுநீருக்கும் தூவலுக்கும் மாறவேண்டும். நோய் ஒன்று, மருந்து வேறு.

பூநகரியிலும் பரந்தன், கண்டாவளைத் தாழ்நிலங்களிலும் மூன்றாவது ஒரு சந்தேகமும் உண்டு. ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கரையில் கடல்மட்டம் இன்றையதைவிட ஒன்றரை மீற்றர் அளவுக்கு உயர்ந்திருந்தது. கடல் பின்வாங்கியபோது களியிலும் வண்டலிலும் உப்பை விட்டுப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் உப்பு இப்போது வருகிறதா, போகிறதா? அதையும் தண்ணீர் சொல்லும். களிமண்ணின் மேற்பரப்பில் கல்சியமோ சோடியமோ ஒட்டிக்கொண்டிருக்கும். நன்னீர் படையில் கடல்நீர் புதிதாக நுழைந்தால் சோடியம் களியில் ஒட்டி, கல்சியம் தண்ணீருக்கு இறங்கும். கிணற்றில் கல்சியமும் குளோரைட்டும் சேர்ந்து மிகும். பழைய உவர்ப்படையை மழைநீர் கழுவிக்கொண்டிருந்தால் மறுபக்கம் நடக்கும்: கல்சியம் ஒட்டி, சோடியம் இறங்கி, தண்ணீர் சோடியமும் இருகாபனேற்றும் மிகுந்ததாக இருக்கும். அதாவது, ஒரு நாள் எடுத்த ஒரு போத்தலிலேயே அந்த நிலம் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது இருக்கிறது. பத்து வருடம் காத்திருந்து அளக்கத் தேவையில்லை. வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் முல்லைத்தீவுக் கரைக் கிணறுகளுக்குள் கடலே நேரில் வந்து இறங்கியது. அந்த உப்பைக் கழுவியது பெரும்பாலும் மாரி மழை. கிழக்குக் கரையில் சர்வதேச நீர் முகாமை நிறுவனம் செய்த ஆய்வுகளில், அவசரப்பட்டுத் திரும்பத் திரும்ப இறைத்தது கீழிருந்த உவர்நீரை மேலிழுக்கும் ஆபத்தைத் தந்ததென்றும் தெரியவந்தது. மணற்படையின் நன்னீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அதை நிரப்புவது அந்த மணற்றிட்டியிலேயே விழும் மழை மட்டுந்தான். அங்கே மீள்நிரப்பு நிலத்தைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. மணலை அள்ளினால் கிணற்றையே அள்ளியதாகும்.

வவுனியாப் பக்கத்துக் கரும்பாறை நீரில் கவலை வேறு. உக்கும் பாறையின் கறுப்பு மைக்காவும் அப்பட்டைற்றும் புளோரைட்டை விடுவிக்கின்றன. தண்ணீர் எவ்வளவு காலம் பாறையோடு ஒட்டிக் கிடக்கிறதோ, அவ்வளவுக்குப் புளோரைட்டும் சிலிக்காவும் கடினத்தன்மையும் ஏறும். பிள்ளைகளின் பல்லில் விழும் மஞ்சட் கறை அதன் வெளியடையாளம். குடிநீரில் புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், வெயில் நாட்டில் அதிகம் தண்ணீர் குடிப்போமென்பதால் இலங்கைத் தரம் 1.0. காரணம் முழுதாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்டு, பின்னர் வவுனியா, முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் பதிவானது. இலங்கை அணுசக்தி சபையைச் சேர்ந்த எதிரிசிங்கவும் பேராதனையின் பிட்டவெல, தர்மகுணவர்த்தன முதலியோரும் அந்நோய்ப் பிரதேசங்களின் மேற்பரப்பு நீரையும் நிலத்தடி நீரையும் சமதானியும் வேதியியலும் சேர்த்து ஆராய்ந்தார்கள். நோயின் காரணத்தைத் தீர்ப்பது மருத்துவர் வேலை. ஆனால் எந்தக் கிணறு ஆண்டுதோறும் மழையாலும் குளத்தாலும் புதுக்கப்படுகிறது, எது பாறையிடுக்கில் தேங்கி முதிர்கிறது என்பதைப் பிரித்துத் தருவது இந்த முறையால் முடியும். புதிய குழாய்க்கிணற்றுக்கு இடம் குறிக்கும்போது "எவ்வளவு தண்ணி வரும்" என்பதோடு "எவ்வளவு பழைய தண்ணி" என்றும் கேட்கவேண்டும்.

பழமை என்றதும் ஆழ்படைகளின் ஞாபகம் வருகிறது. முருங்கன், முழங்காவில், பரந்தன், முல்லைத்தீவு ஆழ்படைகள் அறுபது மீற்றருக்கும் கீழே, மேலே களியால் மூடப்பட்டுக் கிடப்பவை. அந்தத் தண்ணீரின் வயதைத் திரித்தியத்தால், அதாவது ஐதரசனின் கதிரியக்கச் சமதானியால், அளக்கலாமா என்று கேட்பார்கள். ஐதரசன் குண்டுச் சோதனைகளால் 1963இல் உச்சத்துக்குப் போன திரித்தியம் 12.3 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. ஐந்து பாதிகள் கடந்துவிட்டன. தண்ணீர் 1950களுக்கு முந்தியதா பிந்தியதா என்பதற்கு மேல் அதனால் இன்று அதிகம் சொல்ல முடியாது. காபன்-14 நீண்ட காலத்துக்கு உதவும். அதன் அரைவாழ்வு 5,730 வருடம். ஆனால் சுண்ணாம்புக்கல் அதில் ஒரு சதி செய்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான அந்தக் கல்லில் காபன்-14 துளியும் இல்லை. அது கரைந்து தண்ணீரில் சேர்ந்தால் நேற்றைய மழையும் சில ஆயிரம் ஆண்டுக் கிழவனாகத் தோன்றும். காபன்-13ஐயும் அளந்து திருத்தாமல் முழங்காவில் நீருக்கு யாராவது வயது சொன்னால் நம்பவேண்டாம்.

திருத்தினால் பலன் பெரிது. நீரிணைக்கு அக்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானையில், மூடப்பட்ட ஆழ்படை நீரை ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் சுகிஜாவும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து 1998இல் எழுதினார்கள். கடந்த 30,000 ஆண்டுகளின் காலநிலை மாற்றத்தை அந்தத் தண்ணீரின் சமதானியிலிருந்து அவர்கள் வாசித்தார்கள். அங்கே இப்போது மனிதர் குடிப்பதில் ஒரு பங்கு பனியுகத்து மழை. நம்முடைய ஆழ்படைகளிலும் அப்படிப்பட்ட தண்ணீர் கிடைத்தால், அது ஆண்டுதோறும் நிரம்பும் குளமல்ல, எடுத்தால் குறையும் பாட்டன் சொத்து. பஞ்ச காலத்துக்கென்று பூட்டி வைக்க வேண்டியது அது. மாறாக, அது இளைய தண்ணீராக இருந்தால் அதை நிரப்பும் செம்மணற் பரப்பும் காடும் எங்கோ அருகில் இருக்கின்றன. கிறவல் அகழ்வதற்கும் காடு வெட்டுவதற்கும் அனுமதி எழுதும் கை அந்தப் பரப்பின் எல்லையை முதலில் தெரிந்திருக்க வேண்டும். இரண்டில் எது என்று அறியாமல் குழாய்க்கிணறுகளைக் கூட்டிக்கொண்டே போவது, கணக்குப் புத்தகம் பாராமல் காசோலை எழுதுவதுதான்.

இதெல்லாம் பெருஞ்செலவு வேலை என்று பயப்படத் தேவையில்லை. முன்பு பெரிய திணிவு நிறமாலைமானி வேண்டியிருந்த அளவீட்டை இன்று மேசையில் வைக்கும் லேசர் கருவி ஒரு சிறங்கையிலும் குறைந்த தண்ணீரில் செய்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கின்றன. 2021இலிருந்து வவுனியாவுக்கும் சொந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கனகராயன் ஆற்றின் தலையிலிருந்து சுண்டிக்குளம் கடல்நீரேரி வரை ஒரு கோடு, பேராற்றோடு முத்தையன்கட்டிலிருந்து நந்திக்கடல் வரை இன்னொரு கோடு. இவற்றில் ஐம்பது கிணறு, பத்துக் குளம், ஆண்டுக்கு இரண்டு முறை: பங்குனியில் ஒன்று, புரட்டாதியில் ஒன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் முன் மழை வேண்டும். ஊர் மழையின் எண் இல்லாமல் கிணற்றின் எண்ணுக்குப் பொருளில்லை.

மழையைச் சேர்ப்பது பாடசாலைப் பிள்ளைகளாலும் முடிந்த காரியம். மறைப்பில்லாத கூரைத்தட்டில் ஒரு புனல், கீழே ஒரு கலன், ஆவியாகாமல் இருக்கக் கலனுக்குள் விரற்கடை அளவு பரபின் எண்ணெய். மாதம் முடிந்ததும் எண்ணெய்க்குக் கீழிருந்து தண்ணீரை எடுத்து, போத்தலை வாய் தளும்ப நிரப்பி, குமிழி பார்த்து மூடி, மாதத்தையும் மழையளவையும் எழுதி ஒட்டவேண்டும். நெடுங்கேணியில் ஒன்று, மாங்குளத்தில் ஒன்று, முழங்காவிலில் ஒன்று, முல்லைத்தீவுக் கரையில் ஒன்று. புரட்டாதி முடியமுன் கலன்களை வைத்துவிட்டால் ஐப்பசியின் முதல் மழையையே பிடித்துவிடலாம்.